எம்டன்: ஒரு போர்க்கப்பலின் பணி வரலாறும் ஒரு தமிழ்ச் சொல்லின் பிறப்பும்

முன்னுரை

தமிழர் இல்லங்களில் கண்டிப்பு மிகுந்த தந்தையையும், எவரையும் ஏய்த்துத் தப்பிவிடும் சூழ்ச்சிக்காரனையும், துணிந்து எதையும் செய்து முடிப்பவனையும் 'எம்டன்' என்னும் ஒரே சொல்லால் சுட்டுவர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் முதிய தலைமுறையினரிடம் இச்சொல் இன்றும் வழங்குகிறது. ஆனால் இச்சொல் எங்கிருந்து வந்தது என்று மாணவர் வினவும்போது ஆசிரியர்கள் தரும் விடை பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நின்றுவிடுகிறது. முதல் உலகப் போரின்போது எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னையின்மீது குண்டு வீசியது என்பது ஒன்று. அக்கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பது மற்றொன்று. முதற்செய்தி உண்மை, ஆனால் முழுமையன்று. இரண்டாவது செய்தி காலவரிசைக்கு முன் நிற்க இயலாதது.

கப்பலின் அமைப்பு, அதன் கருவிகள், ஐந்தாண்டுப் பணி வரலாறு ஆகியவற்றை வரிசையாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவை படைத்துறை ஆர்வலர்க்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல. ஒரு சொல் எவ்வாறு பிறந்தது, ஒரு கதை எவ்வாறு அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது என்னும் வினாக்களுக்கும் இவற்றிலேயே விடை உள்ளது.

கட்டுமானமும் கருவிகளும்

ஜெர்மனியின் வடமேற்கில், எம்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் அமைந்த துறைமுக நகரம் எம்டன். அந்நகரின் பெயர் தாங்கிய இக்கப்பல், டான்சிக் நகரிலிருந்த பேரரசுக் கப்பல் கட்டும் தளத்தில் 1906இல் கட்டத் தொடங்கப்பெற்று, 1908 மே 26ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டு, 1909 ஜூலை 10ஆம் நாள் கடற்படைப் பணியில் சேர்ந்தது. 'டிரெஸ்டன்' வகையைச் சேர்ந்த இரண்டு இலகுவகைக் குரூசர்களுள் இது இரண்டாவதாகும்.

குரூசர் என்பது பெரும் போர்க்கப்பலுக்கும் சிறு தாக்குதல் படகுக்கும் இடைப்பட்டது. தொலைவிலுள்ள குடியேற்ற நாடுகளில் கொடி காட்டுதல், பகைவர் நடமாட்டத்தை வேவு பார்த்தல், வணிகக் கப்பல்களை மறித்தல் ஆகியவை அதன் பணிகள். அப்பணிகளுக்கு வேகமும் நெடுந்தொலைவு ஓடும் ஆற்றலும் தேவை. கனத்த கவசமும் பெரும் பீரங்கியும் அவற்றுக்குத் தடையாகும். எம்டனின் சிறப்பும் முடிவும் இந்தச் சமரசத்தில் அடங்கியிருந்தன.

கப்பலின் நீளம் 118 மீட்டர், அகலம் 13.5 மீட்டர், இயல்பான எடை ஏறத்தாழ 3,660 டன். அதன் உடன்பிறப்பான டிரெஸ்டனில் புதுவகைச் சுழலிகள் பொருத்தப்பட, எம்டனில் பழைய முறையிலான மூவிரிவு நீராவி எந்திரங்கள் இரண்டே இருந்தன. இவ்வகை எந்திரம் பொருத்தப்பட்ட இறுதி ஜெர்மானிய இலகுவகைக் குரூசர் இதுவேயாகும். பன்னிரண்டு நிலக்கரிக் கொதிகலன்கள் நீராவியை வழங்கின. மணிக்கு 23.5 கடல்மைல் என வடிவமைக்கப்பட்ட வேகத்தைச் சோதனை ஓட்டத்தில் சற்றே விஞ்சியது. மூன்று புகைபோக்கிகளும் ஒடுங்கிய உடலும் கொண்ட அதன் எழிலைக் கண்டோர் 'கிழக்கின் அன்னம்' என்று அழைத்தனர்.

படைக்கலங்களுள் முதன்மையானவை 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு, இருமருங்கிலும் மும்மூன்று என அவை நிறுத்தப்பட்டிருந்தமையால், ஒரு பக்கமாக ஒரே நேரத்தில் ஐந்து மட்டுமே சுட இயலும். ஒவ்வொரு குண்டின் எடையும் ஏறத்தாழ 17.4 கிலோகிராம். இவற்றுக்குத் துணையாக 5.2 சென்டிமீட்டர் சிறு பீரங்கிகள் எட்டும், நீர்மட்டத்துக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக டார்பிடோ குழாய்கள் இரண்டும் இருந்தன. தளக்கவசத்தின் தடிப்பு கூடுதலான இடத்தில் 80 மில்லிமீட்டர். கப்பலின் பக்கச் சுவருக்குக் கவசம் இல்லை.

மற்றொரு குறை நிலக்கரி. 12 கடல்மைல் என்னும் சிக்கன வேகத்தில் சென்றாலும் எம்டனால் ஏறத்தாழ 3,760 கடல்மைல் தொலைவே செல்ல இயலும். தன் நாட்டுத் துறைமுகம் ஒன்றுகூட இல்லாத கடலில் இக்கப்பல் உலவ வேண்டுமாயின், எரிபொருளைப் பகைவரிடமிருந்தே பறித்தாக வேண்டும். பின்னர் நிகழ்ந்த ஒவ்வொன்றையும் புரிந்துகொள்ள இக்குறையை மனத்திற்கொள்ளுதல் இன்றியமையாதது.

போருக்கு முந்தைய பணி

1910 ஏப்ரலில் கீல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட எம்டன், தென் அமெரிக்கா, பசிபிக் தீவுகள் வழியாகச் சென்று அவ்வாண்டு செப்டம்பரில் சீனக் கரையிலிருந்த ஜெர்மானியக் குடியேற்றமான சிங்டாவை அடைந்தது. அதன்பின் அது ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. இச்செய்தியைப் பின்னர் மீண்டும் காண்போம்.

1911 ஜனவரியில், கரோலின் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த போனப்பேயில் கட்டாய வேலைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த சோக்கேஸ் மக்களை அடக்குவதில் எம்டன் பங்கேற்றது. கிளர்ச்சியின் தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். மக்கள் நாடு கடத்தப்பட்டனர். ஆங்கிலேயரைக் கலங்கவைத்த கப்பல் என்பதற்காக அதனை அடிமைப்பட்ட மக்களின் தோழனாகக் கருதுவோர் இந்நிகழ்ச்சியை மறந்துவிடலாகாது. எம்டனும் ஒரு பேரரசின் கருவியே.

1913இல் கார்ல் வான் முல்லர் கப்பலின் தலைவரானார். அமைதியும் துல்லியமான கணிப்பும் கொண்டவர் அவர். எம்டனின் எல்லைகளை நன்கறிந்து, அவற்றுக்குள் செய்யக்கூடியதை மட்டும் செய்தார் என்பதே அவருடைய வெற்றியின் மறைபொருளாகும்.

வங்கக் கடலில்

1914 ஜூலை 31ஆம் நாள் எம்டன் சிங்டாவிலிருந்து வெளியேறியது. ஆகஸ்டில் பாகான் தீவருகே ஜெர்மானியக் கிழக்காசியப் படை கூடியபோது, படைத்தலைவர் வான் ஸ்பீ தம் கப்பல்களைத் தென் அமெரிக்கா நோக்கிச் செலுத்தத் திட்டமிட்டார். ஒரு கப்பல் மட்டும் இந்தியப் பெருங்கடலில் தனித்து இயங்கலாம் என்னும் முல்லரின் கருத்தை அவர் ஏற்றார். மார்க்கோமானியா என்னும் நிலக்கரிக் கப்பலைத் துணையாகக் கொண்டு எம்டன் மேற்கே திரும்பியது.

டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிடையே கடந்து செல்லும்போது ஓர் உத்தி கையாளப்பட்டது. மரத்தாலும் கித்தான் துணியாலும் நான்காவது புகைபோக்கி ஒன்று செய்து நிறுத்தப்பட்டது. தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு எம்டன் இப்பொழுது நான்கு புகைபோக்கிகளைக் கொண்ட 'யார்மத்' என்னும் பிரித்தானியக் குரூசராகத் தோன்றியது. கித்தானும் மரமும் செய்த இப்பொய்த்தோற்றம் எந்தப் பீரங்கிக்கும் குறையாத படைக்கலமாயிற்று.

செப்டம்பர் 10ஆம் நாள் தொடங்கி, கல்கத்தாவுக்குச் செல்லும் கடல்வழியில் வணிகக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபட்டன. இண்டஸ் என்னும் கப்பலில் சவர்க்காரம் நிறைய இருந்தது. அப்பொருள் தீர்ந்துபோயிருந்த எம்டன் மாலுமிகளுக்கு அதுவே பெரும் புதையலாயிற்று. கபிங்கா என்னும் கப்பலில் அதன் தலைவரின் மனைவியும் குழந்தையும் இருந்தமையால் முல்லர் அதனை மூழ்கடிக்கவில்லை. பிற கப்பல்களின் மாலுமிகளையும் அதிலேற்றி விடுவித்தார். மூழ்கடிக்கப்படும் கப்பலிலிருந்து முதலில் மனிதர்களை இறக்கிவிடுவது அவரது மாறா வழக்கம். இதனால் பகை நாட்டு நாளிதழ்களே அவரைக் கனவான் என்று எழுதின.

கைப்பற்றிய கப்பல்களில் கிடைத்த இந்திய நாளிதழ்கள் எம்டனுக்கு ஒற்றர் அறிக்கைகளாகப் பயன்பட்டன. எந்தக் கப்பல் எந்நாளில் புறப்படுகிறது என்னும் பட்டியல்களை அவை அச்சிட்டிருந்தன. கம்பியில்லாத் தந்திக் கருவி வழியே பிற கப்பல்களின் உரையாடலையும் எம்டன் செவிமடுத்தது. தான் மட்டும் வாய் திறக்கவில்லை.

சென்னை: 1914 செப்டம்பர் 22

அன்றிரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. போர்க்காலமாயினும் நகரின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியிலிருந்த கலங்கரை விளக்கமும் வழி காட்டிற்று. ஒளிப்பாய்ச்சு விளக்குகளைக் கரையோரத்தில் செலுத்தி, பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கொள்கலன்களை இனங்கண்ட எம்டன், ஏறத்தாழ அரைமணி நேரத்துள் 125க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. எண்ணெய்க் கொள்கலன்கள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்னும் வணிகக் கப்பலும் தாக்குண்டது. குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். கரையிலிருந்த பீரங்கிகள் விடையிறுத்தன; ஆயினும் எம்டன்மீது ஒரு குண்டும் படவில்லை.

பொருளிழப்பைக் காட்டிலும் மனக்கலக்கமே பெரிதாயிற்று. மக்கள் ஆயிரக்கணக்கில் நகரை விட்டு வெளியேறினர். கடலை ஆள்பவர் ஆங்கிலேயர் என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுவந்த மக்கள், ஒற்றைக் கப்பல் வந்து அடித்துவிட்டு அடிபடாமல் சென்றதைத் தம் கண்ணால் கண்டனர். 'எம்டன்' தமிழில் பொதுப்பெயரானது இந்தக் காட்சியினால்தான். உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் பதிக்கப்பட்ட கல்வெட்டு அவ்விரவை இன்றும் நினைவூட்டுகிறது.

பினாங்கு: 1914 அக்டோபர் 28

இலங்கையைச் சுற்றிச் சென்ற எம்டன் மேலும் பல கப்பல்களைப் பிடித்தது. அவற்றுள் புரெஸ்க் என்னும் கப்பல் 6,000 டன்னுக்கும் மேற்பட்ட உயர்தர வேல்ஸ் நிலக்கரியைச் சுமந்து வந்தது. இவ்வொரு கொள்ளை எம்டனின் ஆயுளைப் பல வாரங்கள் நீட்டித்தது. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் தியாகோ கார்சியா தீவை அடைந்தபோது, போர் தொடங்கிய செய்தியே அத்தீவினரை எட்டியிருக்கவில்லை. அங்கே கப்பலின் அடிப்பகுதி துப்புரவு செய்யப்பட்டது.

அக்டோபர் 28ஆம் நாள் விடியற்பொழுதில், பொய்ப் புகைபோக்கியுடன் எம்டன் பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்தது. அங்கே ஜெம்சுக் என்னும் ரஷ்யக் குரூசர் நங்கூரமிட்டிருந்தது. 1905இல் சுஷிமாக் கடற்போரில் தப்பிப் பிழைத்த கப்பல் அது. அதன் தலைவர் அன்றிரவு கரையில் தங்கியிருந்தார். மிக அருகே வந்த எம்டன் ஜெர்மானியக் கொடியை உயர்த்தி, டார்பிடோவை ஏவியது, பீரங்கிகளும் முழங்கின. இரண்டாவது டார்பிடோ பாய்ந்ததும் ஜெம்சுக் பிளந்து மூழ்கிற்று. ஏறத்தாழ 90 ரஷ்ய மாலுமிகள் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது எதிர்ப்பட்ட மூஸ்கே என்னும் பிரெஞ்சுப் போர்க்கலமும் மூழ்கடிக்கப்பட்டது. அதிலிருந்து நீரில் தத்தளித்த 36 பேரை எம்டன் மீட்டது. காயத்தால் இறந்தோர்க்குப் படைமரியாதையுடன் கடலடக்கம் செய்து, ஏனையோரை நியூபர்ன் என்னும் பிரித்தானியக் கப்பலில் ஏற்றி அனுப்பினார் முல்லர். ரஷ்ய மாலுமிகளின் நினைவுச்சின்னம் ஜார்ஜ் டவுனின் வெஸ்டர்ன் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது.

சென்னையில் மாண்டவர் ஐவர். பினாங்கில் மாண்டவர் அவர்களைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். ஆயினும் நம் நாட்டுத் தமிழர் இச்சொல்லை வழங்கும்போது சென்னையை நினைக்கின்றனரேயன்றிப் பினாங்கை நினைப்பதில்லை. சொல் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தது. நிகழ்ச்சியோ நம் கரையிலேயே நடந்தது. இரண்டையும் இணைத்துக் காட்டும் பணி ஆசிரியர்க்கு உரியது.

கொக்கோஸ் தீவில் முடிவு

1914 நவம்பர் 9ஆம் நாள், கொக்கோஸ் தீவுக் கூட்டத்தின் டைரக்சன் தீவிலிருந்த தந்தி நிலையத்தை அழிக்க முல்லர் ஐம்பது பேரைக் கரையிறக்கினார். பொய்ப் புகைபோக்கி இம்முறை ஏமாற்றவில்லை. அயல் கப்பல் ஒன்று வந்துள்ளது என்னும் செய்தியை நிலையத்தார் முன்னரே அனுப்பிவிட்டனர். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல் வரிசை அருகிலேயே சென்றுகொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த 'சிட்னி' என்னும் ஆஸ்திரேலியக் குரூசர் விரைந்தது. தொலைவில் தெரிந்த புகையை, நிலக்கரி கொண்டுவரும் புரெஸ்க் என்றே எம்டன் முதலில் எண்ணியது.

அதன்பின் நடந்தது கணக்கு. சிட்னியும் ஒரு பக்கமாக ஐந்து பீரங்கிகளையே சுட இயலும். ஆனால் அதன் குண்டு ஒன்றின் எடை 45 கிலோகிராம். எனவே ஒருமுறை சுடும்போது எம்டன் ஏறத்தாழ 87 கிலோகிராம் எஃகை எறிந்தது. சிட்னி ஏறத்தாழ 225 கிலோகிராமை எறிந்தது. சிட்னிக்குப் பக்கக் கவசம் இருந்தது, வேகமும் மிகுதி. தொடக்கத்தில் எம்டனின் பீரங்கியாளர் விரைந்தும் செம்மையாகவும் சுட்டுச் சிட்னியின் தொலைவு அளக்கும் கருவி ஒன்றை அழித்தனர். ஆயினும் சிட்னி எட்டத்தில் நின்று தன் கனத்த குண்டுகளைப் பொழியத் தொடங்கியபின் எம்டனின் புகைபோக்கிகளும் பாய்மரமும் சரிந்தன. பீரங்கிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மேலும் உயிரிழப்பைத் தவிர்க்கும்பொருட்டு முல்லர் கப்பலை வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் மோதி நிறுத்தினார். எம்டனில் 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிட்னியில் இறந்தோர் நால்வர்.

கரையிறங்கிய ஐம்பதின்மர், ஹெல்முத் வான் மூக்கே தலைமையில், அயேஷா என்னும் 97 டன் பாய்க்கப்பலைக் கைப்பற்றித் தப்பினர். சுமத்திரா, அரேபியா வழியாக அவர்கள் 1915இல் கான்ஸ்டாண்டிநோபிளை அடைந்தனர். பிடிபட்ட எம்டன் மாலுமிகள் சிலர் சிங்கப்பூரின் தங்ளின் முகாமில் சிறைவைக்கப்பட்டிருந்தனர். 1915 பிப்ரவரி 15ஆம் நாள் இந்தியப் படைப்பிரிவான ஐந்தாம் இலகு காலாட்படை சிங்கப்பூரில் கிளர்ந்தெழுந்தபோது அம்முகாமின் வாயிலும் திறக்கப்பட்டது. ஜெர்மானியர் சிலர் தப்பிச் சென்றனர். கிளர்ந்தெழுந்த இந்திய வீரர்களுள் 47 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். எம்டனின் நிழல் இவ்வாறு சிங்கப்பூர் வரலாற்றிலும் விழுந்துள்ளது.

செண்பகராமன் பிள்ளை பற்றிய வழக்கு

சென்னைத் தாக்குதலின்போது செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்து வழிகாட்டினார் என்னும் செய்தி தமிழ் மேடைகளிலும் நூல்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அவர் 1891இல் திருவனந்தபுரத்தில் பிறந்து, ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்கு உழைத்து, 1934இல் பெர்லினில் மறைந்தவர். அவர் தொண்டினை ஐயுறுவதற்கு இடமில்லை. ஆனால் 1914ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இயங்கி வந்தார். போர் மூண்டபின் பெர்லின் சென்று அங்கிருந்த இந்தியக் குழுவோடு இணைந்தார். எம்டனோ 1910இல் ஐரோப்பாவை விட்டு நீங்கியது. 1914 ஜூலை இறுதியில் சீனக் கரையிலிருந்து புறப்பட்டது. அதன்பின் ஐரோப்பியத் துறைமுகம் எதையும் தொடவில்லை. சூரிச்சில் இருந்த ஒருவர் இக்கப்பலில் ஏறுவதற்கு வழியே இல்லை.

இக்கதை எழுந்த காரணம் விளங்கிக்கொள்ளத்தக்கதே. நம்மைக் கலங்கடித்த கப்பலில் நம்மவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்னும் ஏக்கமே அதன் ஊற்று. ஆனால் ஒரு போராளியின் உண்மையான உழைப்பின்மீது நிகழாத ஒன்றை ஏற்றி வைப்பது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. ஒரு பொய் வெளிப்படும் நாளில் மெய்யும் ஐயத்துக்கு உள்ளாகும்.

சொல்லின் வாழ்வு

எம்டன் தமிழில் நிலைபெற்றதற்கு ஒலியும் துணைசெய்திருக்கலாம் என்பது என் கருத்து. தமிழ்ச் செவிக்கு அதில் 'எமன்' ஒலிக்கிறது. ஈற்றில் 'அன்' என்னும் ஆண்பால் விகுதியும் அமைந்து கிடக்கிறது. நகரின் பெயர் கப்பலுக்காகி, கப்பலின் பெயர் மனிதனுக்கானது. சிங்களத்திலும் இச்சொல் தந்திரக்காரனைக் குறிக்க வழங்குகிறது. மலையாளத்தில் பெரிதானதைச் சுட்டும் 'எமண்டன்' இதனின்று வந்தது என்று கூறுவோரும் உளர்.

2006இல் 'எம்டன் மகன்' என்று பெயரிடப்பட்ட ஒரு திரைப்படம், தமிழ்ப் பெயர்களுக்கு வழங்கப்பட்ட வரிவிலக்கின்பொருட்டு 'எம் மகன்' எனப் பெயர் மாறியது. கண்டிப்பான தந்தையைப் பற்றிய கதைக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் வழக்குச் சொல் இல்லை. ஆயினும் அது தமிழன்று எனக் கொள்ளப்பட்டது. இலக்கணம் திசைச்சொல்லுக்கு இடம் தந்துள்ளது. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாய்மார் தம் பிள்ளைகளை ஏசப் பயன்படுத்தி, பொருளும் விரிவடைந்த ஒரு சொல்லுக்கு வேறெந்தக் குடியுரிமைச் சான்று வேண்டும்?

முடிவுரை

எம்டன் தனித்து இயங்கியது ஏறத்தாழ மூன்று மாதங்களே. அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தது; இரண்டு போர்க்கலங்களை மூழ்கடித்தது. வேகம், பொய்த்தோற்றம், பகைவரின் நிலக்கரி ஆகிய மூன்றும் அதனை வாழவைத்தன. இலகுவான பீரங்கியும் கவசமின்மையும் அதனை வீழ்த்தின. முல்லர் போர்க்கைதியாயிருந்து மீண்டு 1923இல் மறைந்தார். பிழைத்த மாலுமிகள் தம் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்பதைச் சேர்த்துக்கொள்ள இசைவு பெற்றனர்.

அவர்தம் வழித்தோன்றல்களிடம் அப்பெயர் ஒரு பட்டம். நம்மிடம் அது ஒரு வசவும் பாராட்டும். மாணவர் இனி இச்சொல்லின் வரலாற்றை வினவும்போது, இல்லாத ஒரு தமிழரைக் கப்பலில் ஏற்றிக் காட்ட வேண்டியதில்லை. பினாங்குத் துறைமுகத்தையும் வெஸ்டர்ன் சாலைக் கல்லறையையும் காட்டினால் போதும்.